ஜீப்பை உயர்த்தப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்!
2 அங்குலத்தில் இருக்கிறது இத்தனை சங்கதி!

மழைக்காலம் நெருங்கினால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். "பாய், வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க!"

முன்பு ஜீப் வைத்திருந்தவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். இப்போது எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் பெரிய வண்டிகள் தெருவுக்கு நாலு நிற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் 'மிச்சாங்' புயல் மழையையும் பார்த்தவர்களுக்கு, வண்டி உயரமாக இருந்தால் மனதுக்கு ஒரு தெம்பு.

அது தவிர, ஊரில் வேகத்தடைகளுக்குப் பஞ்சம் இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது அடியில் 'கர்ரக்' என்று சத்தம் கேட்டால் வண்டிக்காரருக்கு வயிறு கலங்குகிறது.

வண்டியை உயர்த்தலாமா? உயர்த்தினால் எவ்வளவு? ஆபத்து எங்கே இருக்கிறது?

புதுப்பேட்டைப் பட்டறை ஒன்றில் நடந்த சம்பவம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

அரிசிக்கடை அண்ணாச்சி

வேளச்சேரியில் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி தன் பொலிரோ வண்டியை அந்தப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். வாரத்தில் ஆறு நாள் அதில் அரிசி மூட்டை போகும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் போகும். வண்டிக்கு வயது பத்து.

கூடவே அவருடைய அக்காள் மகனும் தன் வண்டியில் வந்திருந்தார். அது வேறு கம்பெனி எஸ்.யு.வி. வெளியூர்ப் பட்டறையில் 4 அங்குலம் உயர்த்தி, அகலமான டயர் போட்டது. பார்க்க யானைக் குட்டி மாதிரி நின்றது.

"இவன் வண்டி மாதிரியே தூக்கிருங்க பாய். நாலு வேண்டாம், ரெண்டு இஞ்சு போதும். ஸ்பீடு பிரேக்கர்ல தினமும் இடிக்கு" என்றார் அண்ணாச்சி.

மெக்கானிக் ஜாக்கியை எடுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து இஞ்சு டேப்பை எடுத்தார்!

"தூக்குறது இருக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல இது எவ்ளோ எறங்கி இருக்குன்னு பாப்போம்" என்றார்.

டேப் என்ன சொன்னது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்த சாமான்களை இறக்கச் சொன்னார். டயர் காற்றைச் சரி பார்த்தார். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியில் இருந்து, அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். நாலு சக்கரத்துக்கு நாலு அளவு. சுவரில் சாக்பீசால் எழுதினார்.

தரையில் இருந்து அளக்காமல் சக்கர நடுவில் இருந்து அளப்பதற்குக் காரணம் உண்டு. டயர் தேய்ந்திருந்தாலும், காற்று குறைந்திருந்தாலும் இந்த அளவு ஏமாற்றாது. ஸ்பிரிங்கின் நிலையை மட்டும் காட்டும்.

இதே மாடல் வண்டி புதிதாக வந்தபோது எடுத்த அளவு அவருடைய நோட்டில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார்.

முன்பக்கம் இரண்டும் முக்கால் அங்குலம் இறக்கம். பின்னால் வலது பக்கம் முக்கால் அங்குலம். பின்னால் இடது பக்கம் ஒண்ணேகால் அங்குலம்!

"மூட்டையை எப்பவும் இடது பக்கமாவே அடுக்குவீங்களா?"

அண்ணாச்சிக்கு ஆச்சரியம். "ஆமா! கடை வாசல் அந்தப் பக்கம்தானே இருக்கு!"

பத்து வருஷம் பாரம் சுமந்த ஸ்பிரிங் களைத்துப் போய்விட்டது. வண்டியைப் புதிதாக உயர்த்துவதற்கு முன், இழந்த உயரத்தைத் திரும்பப் பெற வேண்டும். பழைய எஸ்.யு.வி. வைத்திருக்கும் பலருக்கு இந்த ஒரு வேலையே போதுமானது.

உரசியது எது?

அடுத்து மெக்கானிக் டார்ச் லைட்டுடன் வண்டிக்கு அடியில் புகுந்தார். எங்கே உரசி இருக்கிறது என்று பார்த்தார்.

சைலென்சர் குழாயில் கீறல். இடது படிக்கட்டின் அடியில் கீறல். ஆனால் பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியலில் ஒரு கீறல்கூட இல்லை.

இது முக்கியமான விஷயம். பொலிரோ போன்ற வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே துண்டு. அது சக்கரங்களோடு சேர்ந்தே இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும், மேலே உள்ள பாடி உயருமே தவிர, அந்த உருண்டை ஒரு நூல் கூட உயராது. அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர்தான் போட வேண்டும்.

உருண்டை இடித்துக் கொண்டிருந்தால், ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கும் பணம் வீண். படிக்கட்டும் சைலென்சரும் இடித்தால், ஸ்பிரிங் வேலை பலன் தரும். அண்ணாச்சி வண்டி இரண்டாவது ரகம்.

இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வளைந்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். பொலிரோவின் தரை இடைவெளி கம்பெனிக் கணக்கில் 18 செ.மீ. விதிப்படி போட்ட வேகத்தடையில் இடிக்கவே கூடாது. குறுகலாக, செங்குத்தாகப் போட்ட தடையில், தொங்கிப் போன ஸ்பிரிங்கோடு, மூட்டை ஏற்றிய வண்டி போனால் இடிக்கத்தான் செய்யும்.

விரிசல்!

அடியில் இருந்த மெக்கானிக் திடீரென்று, "அண்ணாச்சி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்று கூப்பிட்டார்.

பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். வில் போல வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. இடது பக்கத்தில் இரண்டாவது பட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல்! ஓரத்தில் துரு ஏறி இருந்தது. பல மாதங்களுக்கு முன்பே விழுந்த விரிசல் அது.

"நீங்க கேட்டபடி இதும்மேல ஒரு கட்டையை வெச்சுத் தூக்கி விட்டிருந்தா, மூட்டையோட போறப்ப ஒரு நாள் 'டப்'னு போயிருக்கும்" என்றார் மெக்கானிக்.

அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். 78 வயது தாயாரில் இருந்து கைக்குழந்தை வரை அதே வண்டியில்தான் போவதாக ஏற்பாடு.

உயர்த்த எத்தனை வழி?

வண்டியை உயர்த்துவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றல்ல. விவரம் வருமாறு:-

புது ஸ்பிரிங்: இதுதான் நல்ல வழி. தேய்ந்ததை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவிலேயே புதிது போடலாம். அல்லது அந்த மாடலுக்கு என்றே தயாரான, சற்று உயரமான ஸ்பிரிங் போடலாம். பழைய பட்டையையே காய்ச்சி அடித்து வளைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பதம் சரியாக ஏறாவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் தொங்கிவிடும்.

ஸ்பேசர்: வளையம் வளையமாக இருக்கும் காயில் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் வட்டு. ஸ்பிரிங் மாறாது, அது நிற்கும் இடம் மட்டும் மாறும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல வண்டிகளில் முன் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்காது. உள்பக்கமாகத் தள்ளி, கீழ்க் கையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதனால் அரை அங்குல வட்டு வைத்தால், சக்கரத்தில் ஏறத்தாழ ஒரு அங்குலம் தெரியும். இது தெரியாமல் இரண்டு அங்குல வட்டை வைத்தால் வண்டி நாலு அங்குலம் ஏறிவிடும்!

ரப்பர் பபர்: ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் மற்ற கார் சாமான் கடைகளிலும் கிடைக்கும். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகுவது. வண்டி உயர்ந்தது போலத் தெரியும். ஆனால் ரப்பர் செருகிய வளையம் வேலை செய்யாது. அதன் பங்கையும் சேர்த்து மற்ற வளையங்கள் சுமக்க வேண்டும். பாரம் ஏற்றும் வண்டிக்கு இது ஏற்றதல்ல.

நீள ஷாக்கிள்: பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் இணைப்பு ஷாக்கிள். அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலம் உயரும். இரண்டு பக்கமும் ஒரே அளவில், கெட்டியான எஃகில் இருக்க வேண்டும்.

கட்டை: பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் இரும்புக் கட்டை. ஒரே கட்டையாக, அதற்கு ஏற்ற நீளமான யு போல்ட்டுடன் போட்டால் தாங்கும். கட்டை மேல் கட்டை வைக்கக் கூடாது. முன் ஆக்சிலில் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் போடும்போது முறுக்கிக்கொண்டு நழுவினால் ஸ்டீரிங் கையில் நிற்காது.

பாடி லிப்ட்: சேசிசுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து, பாடியை மட்டும் தூக்குவது. சேசிஸ் அதே இடத்தில்தான் இருக்கும். அடி இடிப்பது நிற்காது. ஸ்டீரிங் ராடு, கியர் லீவர், ஒயர்கள் எல்லாவற்றையும் இழுக்கும். வீட்டு வண்டிக்குத் தேவை இல்லாத வேலை.

கவிழும் கணக்கு

"பாய், நாலு இஞ்சு ஏத்தினா என்ன? நான் ஆறு மாசமா ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே" என்றார் மருமகப் பிள்ளை.

மெக்கானிக் சாக்பீசால் சுவரில் ஒரு கணக்குப் போட்டார். பொதுவாகப் புரிவதற்கான கணக்கு:-

இடது டயருக்கும் வலது டயருக்கும் இடையே 58 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 29. வண்டியின் எடை மையம் தரையில் இருந்து 27 அங்குல உயரத்தில் இருக்கட்டும். 29-ஐ 27-ஆல் வகுத்தால் 1.07.

மையம் 2 அங்குலம் ஏறினால் 29-ஐ 29-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.00.

4 அங்குலம் ஏறினால் 29-ஐ 31-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.94.

இந்த எண் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சுலபமாக வண்டி கவிழும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2001-ம் ஆண்டு மாடல்களில் இருந்து, வண்டிகளின் கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் கொடுத்து வருகிறது. அதற்கு அடிப்படை இந்த வகுத்தல் கணக்குதான்.

சக்கரமும் ஆக்சிலும் உயராமல் அப்படியே இருப்பதால், உண்மையில் மையம் சற்றுக் குறைவாகவே ஏறும். ஆனால் மேலே கேரியரில் பெட்டி படுக்கை ஏற்றினால் அந்தச் சலுகை போய்விடும்.

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. மேம்பாலத்து வளைவில் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்து, சட்டென்று ஸ்டீரிங்கை ஒடித்தால்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அதனால்தான் 1 அங்குலம் முதல் 2 அங்குலம் வரை அடக்கமான உயரம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் கையோடு கூட மாற்ற வேண்டிய பாகங்கள் கூடிக்கொண்டே போகும்.

வீணை நரம்பு போல!

மெக்கானிக் அதோடு விடவில்லை. "உங்க வண்டியையும் ஒரு நிமிஷம் பாத்துருவோம் தம்பி" என்றார்.

மருமகப் பிள்ளை வண்டியின் சேசிசை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தார். முன் சக்கரங்கள் காற்றில் தொங்கின. பட்டறைப் பையனை விட்டு ஸ்டீரிங்கை இடது கோடி வரை திருப்பச் சொன்னார்.

வலது சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய் வீணை நரம்பு போல விறைத்து நின்றது! விரலால் தட்டினால் ஆடவில்லை. முனையில் ரப்பர் வெளுத்து, வெடிக்கத் தொடங்கி இருந்தது.

சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய் இழுபட்டு வந்திருக்கிறது. அது பிய்ந்தால் பிரேக் ஆயில் வெளியே போய்விடும். பெடல் உள்ளே போகும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

மருமகப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. "இதை யாரும் எனக்குச் சொல்லலையே மாமா" என்றார் மெல்ல.

"தூக்குனவன் சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

பின்னால் பார்த்தால் கட்டை மேல் கட்டை! அந்த வண்டி அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. பட்டறையிலேயே நின்றுவிட்டது.

ஒன்றை உயர்த்தினால்...

வண்டியின் அடியில் எதுவும் தனியாக இல்லை. ஒன்றை உயர்த்தினால் பத்து பாகம் இடம் மாறும்.

கியர்பாக்சில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாப்ட் சாய்வு கூடும். கிராஸ் ஜாயிண்ட் தேயும். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்ந்தால் அதுதான் அறிகுறி.

முன் சக்கரங்களின் சாய்வு மாறிவிடும். வீல் அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயரும் ஓரத்தில் தேய்ந்து போகும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஷாக் அப்சர்பருக்கு நீளம் போதாமல் போகலாம். பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று அடித்து நின்றால், அது நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

சில வண்டிகளில், பின்னால் பாரம் எவ்வளவு என்று பார்த்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். வண்டியை உயர்த்தினால் அந்தக் கம்பி, "பாரமே இல்லை" என்று நினைத்துக்கொள்ளும்! பின் பிரேக் குறைந்துவிடும். கம்பெனி சொல்லும் அளவுப்படி அதைத் திரும்ப அமைக்க வேண்டும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய ஒயரும் இழுபடாமல் இருக்க வேண்டும்.

ஹெட்லைட்டும் மேலே ஏறும். முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வேலைக்கு முன்பே சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சம் விழும் உயரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு சரி செய்வது சுலபம்.

பானெட் உயர்ந்தால், முன்னால் நிற்கும் சிறு குழந்தை டிரைவர் கண்ணில் படுவதும் குறையும். பள்ளிக்கூட வாசலில் இது சின்ன விஷயம் அல்ல.

டயர் ஆசை

உயர்த்தியவுடன் அடுத்த ஆசை பெரிய டயர். அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

215/75 ஆர்-15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. 235/75 ஆர்-15 போட்டால் 733 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடும்.

ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது மட்கார்டில் உரசலாம். அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதையே வலியுறுத்தியது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தேய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கே போடுவது ரிப்பேர். அதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல் உயர்த்துவதாக இருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு பணம் கேட்கும்போது அதுவே தகராறாக வந்து நிற்கும்.

தண்ணீரில் இறங்கலாமா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. உயர்த்திய வண்டி என்ற தைரியத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயிலோ, தி.நகர் துரைசாமி சப்வேயிலோ தேங்கிய தண்ணீரில் இறங்கலாமா?

கூடாது!

1 அங்குலம் உயர்த்தினால் எஞ்சின் காற்று இழுக்கும் வாய் 1 அங்குலம் மேலே போகும். அவ்வளவுதான். ஆக்சில் அதே இடத்தில்தான் இருக்கும். சூடாக இருக்கும் ஆக்சில் தண்ணீரில் முங்கினால், அதன் மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். உள்ளே உள்ள ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறிவிடும்.

ஓடும் தண்ணீர் இதைவிட மோசம். 2 அடி ஓடும் தண்ணீர் எஸ்.யு.வி.யையும் அடித்துக்கொண்டு போகும். அதன் முன் 2 அங்குலம் எம்மாத்திரம்?

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. உள்ளே போன தண்ணீர் எஞ்சினின் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

அண்ணாச்சி வண்டி என்ன ஆயிற்று?

மெக்கானிக் முதலில் நாலு ஸ்பிரிங்கையும் மாற்றினார். பின்னால் புதுப் பட்டைக் கட்டு, புது யு போல்ட், புது நட்டு. பழைய யு போல்ட்டை மறுபடி போட அவர் சம்மதிக்கவில்லை. ஷாக் அப்சர்பர் நாலும் புதிது.

புஷ் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முழுதாக முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மறுபடி டேப்பை வைத்தார். நாலு பக்கமும் புது வண்டியின் அளவு! தொங்கிக் கிடந்த இடது பின்பக்கம் ஒண்ணேகால் அங்குலம் எழுந்து நின்றது.

"போய் உங்க தெரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி எறக்கிட்டு வாங்க. மூட்டையோட" என்றார்.

அண்ணாச்சி போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார். "இடிக்கல பாய்!"

"அப்ப இன்னும் ஏத்தணுமா?"

அண்ணாச்சி யோசித்தார். "இன்னும் ஒரு இஞ்சு..." என்று இழுத்தார்.

"உங்க அம்மா எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

அண்ணாச்சி வண்டிப் படிக்கட்டைப் பார்த்தார். ஏற்கெனவே பேரன் கையைப் பிடித்துத்தான் அந்த அம்மாள் ஏறுகிறார்.

"போதும் பாய். இப்படியே இருக்கட்டும்" என்றார்.

பிறகு அலைன்மெண்ட் பார்த்து, ஹெட்லைட்டைச் சரி செய்து, காலி மைதானத்தில் 20, 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்துப் பார்த்து வண்டியைக் கொடுத்தார்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ள வர வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

மருமகப் பிள்ளை வண்டியில் கட்டைகளையும் வட்டுகளையும் கழற்றிவிட்டு, 4 அங்குலத்தை ஒண்ணரை அங்குலமாக இறக்கினார்கள். பிரேக் குழாய் இரண்டும் புதிது. பழைய டயர் அளவே திரும்பவும் வந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்சுக்கும் கடிதம் எழுதுவதாக மாமாவிடம் ஒப்புக்கொண்டார்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

* உயர்த்துவதற்கு முன் நாலு சக்கரத்தையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.
* அடியில் எது உரசுகிறது என்று பார்க்க வேண்டும்.
* தொங்கிய, விரிசல் விட்ட ஸ்பிரிங் மேல் எந்த வேலையும் செய்யக் கூடாது.
* 2 அங்குலத்துக்கு மேல் ஆசை வேண்டாம்.
* சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, பிரேக் குழாயைப் பார்க்க வேண்டும்.
* அலைன்மெண்ட், ஹெட்லைட், பிரேக் மூன்றும் பார்க்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது.
* காயில் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி குடும்பம் திண்டிவனம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியது. வழியில் எத்தனையோ வேகத்தடைகள். ஒன்றில்கூட சத்தம் இல்லை.

விரிசல் விட்ட அந்தப் பழைய பட்டை இப்போது அரிசிக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "வண்டியைத் தூக்கலாமா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், அதை எடுத்துக் காட்டுகிறார்.